ஆபரேஷன் ஒன்றுதான் வழியா?

கடிதம் எழுதியவருக்கு 25 வயது. தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். அவர் யார் என்று கண்டுபிடிக்க உதவும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

மூன்றரை வயதில் பையன், ஏழு மாதத்தில் பெண் குழந்தை. முதலாவது சுகப்பிரசவம், இரண்டாவது சிசேரியன். கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். "ஆண் ஒன்று, பெண் ஒன்று ஆயிற்று, அப்புறம் என்ன? ஆபரேஷனைப் பண்ணிவிடு" என்று மாமியார் தினமும் சொல்கிறார். இந்தக் கருத்தடை ஆபரேஷனைச் சிசேரியன் அன்றே சேர்த்துச் செய்துவிடலாம் என்றார்களாம், இவர் பயந்து தள்ளிப்போட்டிருக்கிறார். இவருடைய அக்காவுக்குப் பிரசவத்தின்போது சொல்லாமலேயே கருப்பைக்குள் காப்பர்-டி என்ற கருத்தடைக் கம்பியை வைத்துவிட்டார்கள். உதிரப்போக்கு அதிகமாகி அதை எடுக்கவேண்டி வந்தது. அதிலிருந்து இவருக்குக் காப்பர்-டி என்றாலே பயம். கணவர் ஆணுறை போட மாட்டார். அதற்குப் பதிலாக பெங்களூரில் மருந்துக்கடையில் மறுநாள் போடும் அவசர மாத்திரை வாங்கி வருகிறார். கடந்த இரண்டு மாதத்தில் அதை மூன்று முறை போட்டாயிற்று. குழந்தை பிறந்த பிறகு இன்னும் மாதவிலக்கு வரவில்லை. கர்ப்பமாக இருந்தபோது ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9.4 இருந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பவை இவை. "பால் கொடுப்பதால் எனக்குக் கரு நிற்காது என்கிறார்கள், அது சரியா? வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் ஊசியோ காப்பர்-டியோ போட்டுக்கொள்ள முடியுமா? ஆபரேஷன் பண்ணிக்கொண்ட எங்கள் அம்மாவுக்கும் சித்திக்கும் இடுப்புவலி தீரவே இல்லை, எனக்கும் அப்படித்தான் ஆகுமா? நாள் தள்ளிப்போனால் கலைக்கிற மாத்திரை இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார், வாங்கி வைத்துக்கொள்ளலாமா? ஐந்து வருஷம் கழித்து இன்னொரு குழந்தை வேண்டும் என்று தோன்றினால் அது தப்பா, டாக்டர் அம்மா?"

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. நீங்கள் கேட்டதில் ஒன்றுகூட அறியாமையில் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆபரேஷன் என்ற ஒன்றைப் பற்றித்தான் நம் பெண்களுக்கு எல்லாரும் சொல்கிறார்கள். மற்றதெல்லாம் பக்கத்து வீட்டிலும் பேருந்திலும் காதில் விழுந்த செய்திகளாக இருக்கின்றன. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். காப்பர்-டி, மாத்திரை, ஊசி, ஆணுறை எல்லாவற்றையும் கூட்டினாலும் அதன் பக்கத்தில்கூட வராது. ஆபரேஷனுக்கு முன்னால் குழந்தையைத் தள்ளிப்போட ஒரு முறையாவது பயன்படுத்தலாம் என்று யாராவது உங்களிடம் உட்கார்ந்து பேசினார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒருவர்கூட இல்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

முதலில் பால் கொடுக்கும் கேள்வி, ஏனென்றால் அது அவசரம்

பால் கொடுத்தால் கரு நிற்காது என்பது பாதி உண்மை, அந்தப் பாதியும் உங்களுக்கு இப்போது பொருந்தாது. மூன்று நிபந்தனைகள் சேர்ந்து இருந்தால்தான் தாய்ப்பால் கருத்தடையாக வேலை செய்யும். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் இருந்தால் 98 சதவீதம் வரை பாதுகாப்பு உண்டு. ஒன்று போனாலும் அந்தக் கணக்கு போய்விடும். உங்கள் பாப்பாவுக்கு ஏழு மாதம், கேழ்வரகுக் கூழும் பருப்புச் சாதமும் ஊட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், அது பாப்பாவுக்கு மிக நல்லது, ஆனால் உங்கள் பாதுகாப்பு அதோடு முடிந்துவிட்டது.

"இன்னும் விலக்கு ஆகவில்லையே" என்பீர்கள். முட்டை வெளிவந்து பதினான்கு நாள் வாக்கில்தான் விலக்கு வரும். அதாவது பிரசவத்துக்குப் பிறகு முதல் விலக்கு வருவதற்கு முன்னாலேயே முட்டை வந்துவிடலாம், அந்த நாட்களில் சேர்ந்திருந்தால் விலக்கே பார்க்காமல் மறுபடி கர்ப்பமாகலாம். "பால் கொடுத்துக்கொண்டேதானே இருந்தேன்" என்று நான்காவது மாதத்தில் வந்து நிற்கும் பெண்களை எல்லா மகப்பேறு மருத்துவர்களும் பார்த்திருப்போம்.

அதனால் இந்த வாரமே சிறுநீர் பரிசோதனை அட்டையில் ஒரு டெஸ்ட் எடுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் இலவசமாகக் கிடைக்கும். கடைசியாகச் சேர்ந்திருந்து மூன்று வாரம் ஆகவில்லை என்றால், மூன்று வாரம் முடிந்ததும் இன்னொரு தடவை எடுங்கள், அதுதான் உறுதியான விடை. அதுவரை ஆணுறை இல்லாமல் வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள். சிசேரியன் ஆன உடம்புக்கு இடைவெளி ரொம்ப முக்கியம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் இரண்டு ஆண்டாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த அவசர மாத்திரை

தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் இது கிடைப்பதில்லை, அதனால்தான் பெங்களூரிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். மாத்திரை கெட்டதல்ல. ஆணுறை கிழிந்துவிட்டது, எதிர்பாராமல் நடந்துவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போடவேண்டிய மாத்திரை அது. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே நின்ற கருவைக் கலைக்காது, அடுத்த நாள் மறுபடி சேர்ந்தால் அதற்குப் பாதுகாப்பும் தராது. மூன்று முறை போட்டதால் கருப்பை கெட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தை விட்டுவிடுங்கள், அப்படி ஆகாது, பாலும் கெடாது. விலக்கு வந்துகொண்டிருப்பவர்களுக்கு நாள் கொஞ்சம் முன்பின்னாகும். ஆனால் இதையே வழக்கமாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் நீங்கள் பயந்துகொண்டே இருக்க வேண்டும், மற்ற முறைகளைவிட தவறிப்போகும் வாய்ப்பும் அதிகம்.

கையெழுத்து யாருடையது?

உங்களுடையது மட்டும்தான். 18 வயது முடிந்த பெண் ஊசி, மாத்திரை, காப்பர்-டி எதை எடுத்துக்கொள்ளவும் கணவரின் கையெழுத்தோ மாமியாரின் சம்மதமோ தேவையில்லை. ஆபரேஷனுக்கும் அப்படித்தான், கணவர் அல்லது மனைவியின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. சில இடங்களில் பழக்கதோஷத்தில் "வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா" என்பார்கள். அப்போது பொறுப்பு மருத்துவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று கேளுங்கள், தயங்க வேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. நீங்கள் சம்மதிக்காமல் யாரும் எதையும் செய்யக் கூடாது. உங்கள் அக்காவுக்கு நடந்தது தவறு. பிரசவ வலியில் இருக்கும்போது காகிதத்தை நீட்டி வாங்கிய கையெழுத்துக்குப் பெயர் சம்மதம் ஆகாது. என்ன வைக்கிறோம், எத்தனை வருஷத்துக்கு, வேண்டாம் என்றால் எப்போது எடுக்கலாம் என்பதை எல்லாம் கர்ப்ப காலத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். 2014இல் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் கருத்தடை முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்ட 13 பெண்கள் இறந்தார்கள், நினைவிருக்கலாம். அதற்குப் பிறகு 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரி முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. பெண்ணுக்குப் புரிகிற மொழியில் விளக்கி, யோசிக்க நேரம் கொடுத்து வாங்குவதுதான் சம்மதம் என்பது இன்று வெறும் நல்லெண்ணப் பேச்சு இல்லை.

கணவரிடம் சொல்லாமல் செய்யலாமா என்பது வேறு கேள்வி. அதில் நான் உங்களுக்கு உபதேசம் செய்யப்போவதில்லை. சொன்னால் கேட்கக்கூடியவர் என்றால் சொல்லிச் செய்வது உங்களுக்கே நிம்மதி. சொன்னால் அடி விழும், சண்டை வரும் என்ற நிலை இருந்தால் உங்கள் பாதுகாப்புதான் முதலில். அந்த நிலையில் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்பது வீட்டில் மாத்திரை அட்டை கிடக்காத முறை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊசி, வாரம் ஒரு மாத்திரை, காப்பர்-டி

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் "அந்தரா" என்ற ஊசி இலவசம், 2017இல் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். பால் கொடுக்கும் தாய் குழந்தை பிறந்து ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம், பால் குறையாது. முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாக உதிரம் படும், பிறகு பலருக்கு விலக்கே நின்றுபோகும். இங்கேதான் நிறையப் பேர் பயந்து இரண்டாவது ஊசிக்கு வருவதில்லை. கெட்ட ரத்தம் உள்ளே தேங்கிவிடும் என்று சொல்வார்கள். எதுவும் தேங்குவதில்லை, கருப்பையின் உள்சுவர் மெலிதாகவே இருப்பதால் வெளியேற ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ரத்தம் குறைவாக உள்ள உங்களுக்கு உதிரப்போக்கு குறைவது லாபம். குறைகளையும் சொல்லிவிடுகிறேன்: சிலருக்கு எடை கூடும், எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறைந்து நிறுத்தியபின் திரும்பும், நிறுத்தினாலும் மறுபடி கரு நிற்க ஏழு முதல் பத்து மாதம் பிடிக்கலாம். அடுத்த வருஷமே குழந்தை வேண்டும் என்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை.

"சாயா" மாத்திரை லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, நம் நாட்டுச் சரக்கு. இதில் ஹார்மோன் கிடையாது, பால் கொடுப்பவரும் போடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, குறித்த இரண்டு கிழமைகளில். அதன்பிறகு வாரம் ஒன்று. விலக்கு தள்ளித்தள்ளி வரலாம். சினைப்பை நீர்க்கட்டியோ கல்லீரல், சிறுநீரகக் கோளாறோ இருந்தால் வேண்டாம். தினமும் போடும் "மாலா-என்" மாத்திரை குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் பால் கொடுப்பவருக்கு ஏற்றதல்ல. இப்போது நீங்கள் போடலாம்தான், ஆனால் ரத்த அழுத்தம் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

இனி காப்பர்-டி. கம்பி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கருப்பை மூடிய ஒரு பை, அங்கிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது. மிக அபூர்வமாக, பெரும்பாலும் வைக்கும் நேரத்தில், கருப்பைச் சுவரைத் துளைப்பது உண்டு. சிலருக்கு, அதுவும் பிரசவமான உடனே வைத்தவர்களுக்கு, தானாகக் கீழே விழுந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் முதல் விலக்குக்குப் பிறகு ஒரு பரிசோதனைக்கு வரச் சொல்கிறோம். 380-ஏ என்ற வகை பத்து ஆண்டு வரை, 375 என்ற வகை ஐந்து ஆண்டு வரை வேலை செய்யும். எடுத்த மாதமே கரு நிற்கும் வாய்ப்பு திரும்பிவிடும். வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடும், உங்கள் அக்காவுக்கு நடந்தது அதுதான். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியும் இருக்கலாம். ரத்தசோகை இருந்தால் காப்பர்-டி கூடவே கூடாது என்பதில்லை. ஆனால் உங்கள் அளவு இன்னும் பத்துக்குக் கீழே இருந்தால் இப்போதைக்கு ஊசியோ சாயாவோ தொடங்கி, இரும்புச்சத்து மாத்திரையில் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு, பிறகு விருப்பம் இருந்தால் காப்பர்-டிக்கு மாறலாம் என்பதுதான் என் யோசனை. ஹார்மோன் உள்ள வகை ஒன்றும் இருக்கிறது, உதிரப்போக்கைக் குறைக்கும், ஆனால் விலை அதிகம்.

ஆபரேஷன்

ஆபரேஷனை நான் குறை சொல்லவில்லை. இனிக் குழந்தை வேண்டாம் என்று மனதார முடிவு செய்த பெண்ணுக்கு அது நல்ல, நம்பகமான முறை. அதில் கருக்குழாய்களை மட்டும்தான் அடைக்கிறோம், கருப்பையையும் சினைப்பையையும் தொடுவதில்லை, விலக்கு வழக்கம்போல வரும், ஆசையும் பலமும் குறையாது. உங்கள் அம்மாவின் இடுப்புவலிக்கு வேறு காரணங்கள் இருக்கும்: அடுத்தடுத்த பிரசவம், ரத்தசோகை, களை எடுப்பது, தண்ணீர்க்குடம் சுமப்பது. ஆபரேஷன் செய்தபிறகு வந்த வலி என்பதால் ஆபரேஷன் மேல் பழி விழுந்துவிட்டது. அவர் வலிக்கு இப்போதாவது ஒரு மருத்துவரைக் காட்டுங்கள், "ஆபரேஷன் வலி" என்று விட்டுவிட வேண்டாம்.

எனக்குத் தயக்கம் உங்கள் வயதில். அமெரிக்காவில் ஆபரேஷன் செய்த பெண்களைப் பதினான்கு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வில், 30 வயதுக்குள் செய்தவர்களில் ஐந்தில் ஒருவர் பின்னால் வருத்தப்பட்டார். முப்பதுக்கு மேல் செய்தவர்களில் அது 6 சதவீதம்தான். குழாயை மறுபடி இணைக்கும் அறுவைசிகிச்சை இருக்கிறது என்றாலும் செலவு அதிகம், பலன் நிச்சயமில்லை. ஆபரேஷனும் நூற்றுக்கு நூறு இல்லை, இருநூறு பேரில் ஒருவருக்குத் தவறலாம், அதனால் செய்துகொண்ட பிறகு நாள் தள்ளினால் உடனே காட்ட வேண்டும். உங்கள் மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் காலத்தில் அது ஒன்றுதான் கைக்கு எட்டியது. "ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை அத்தை, இப்போதைக்கு ஊசி போட்டுக்கொள்கிறேன், குழந்தை தங்காது" என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய பயமே இன்னொரு கர்ப்பம் வந்துவிடும் என்பதாக இருந்தால் இதில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கணவருக்கு ஒரு வார்த்தை, இதை அவரிடம் படித்தே காட்டலாம். ஆணுக்குச் செய்யும் கருத்தடை இதைவிட எளிது. கத்தி வைக்காமல், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, சிறு துளை வழியாகச் செய்வார்கள், அன்றே வீட்டுக்குப் போகலாம், ஒரு வாரம் போல பாரம் தூக்காமல் இருந்தால் போதும். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, அடைக்கிற குழாய் வழியாகப் போகவில்லை. அதனால் பலமும் குறையாது, தாம்பத்தியமும் கெடாது. செய்தபின் மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று தெரிந்தபிறகுதான் அது முழுப் பாதுகாப்பு. 1976இல் நெருக்கடி நிலையில் வடமாநிலங்களில் ஆண்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செய்தார்கள். அந்தப் பயமும் கோபமும் இன்னும் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்குப்பின் பாரம் முழுக்கப் பெண் உடம்புக்கு வந்துவிட்டது. நான் மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆண் கருத்தடை 0.1 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஒருவர். மூன்றாவது குழந்தையைப் பற்றி உங்களுக்கு இன்னும் முடிவு இல்லாததால் அவரும் இப்போது செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆணுறை போடலாம். பால்வினை நோய்களிலிருந்தும் காப்பது அது ஒன்றுதான்.

அந்தக் கலைப்பு மாத்திரை வேண்டவே வேண்டாம்

பக்கத்து வீட்டு அக்கா எழுதிக் கொடுத்த சீட்டைக் கிழித்துப்போடுங்கள். மாத்திரையே மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை, மருத்துவர் கொடுத்தால் ஒன்பது வாரம் வரை அது பாதுகாப்பான முறைதான். ஆனால் சிசேரியன் ஆனவருக்குக் கரு எங்கே நின்றிருக்கிறது என்று பார்க்காமல் கொடுக்கக் கூடாது. பழைய தையல் தழும்பிலோ குழாயிலோ நின்றிருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பது உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு வேறு.

அப்படி ஒரு நிலை வந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 1971ஆம் ஆண்டின் சட்டமும் 2021இல் வந்த திருத்தமும் கருத்தடை தவறி நின்ற கர்ப்பத்தை 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு கலைக்க அனுமதிக்கின்றன. வயதுவந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும், அவர் பெயரை வெளியில் சொல்வது குற்றம். "கலைக்க வேண்டுமானால் ஆபரேஷனும் செய்துகொள்ள வேண்டும்" என்று யாராவது பேரம் பேசினால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

ஐந்து வருஷம் கழித்து இன்னொரு குழந்தை வேண்டும் என்று தோன்றினால் அது தப்பா என்று கேட்டீர்கள். இல்லை அம்மா. வேண்டாம் என்று தோன்றினாலும் தப்பில்லை. இப்போதே தீர்மானிக்கவும் வேண்டாம், அதற்குத்தான் தள்ளிப்போடும் முறைகள் இருக்கின்றன.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது பிரசவ அட்டையையும் சிசேரியன் சீட்டையும் எடுத்துப்போங்கள். ரத்த அளவும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டில் கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் அன்றே ஊசி போட்டுக்கொள்ளலாம், முதல் ஏழு நாள் மட்டும் ஆணுறை சேர்த்து வேண்டும். அடுத்த ஊசித் தேதியை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போவதற்கு முன் எதையாவது கேட்க வேண்டும் என்றால் 104க்கு அழைக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரில் போடுங்கள். ஊசி போட்டபின் நாப்கின் மணிக்கு ஒன்று நனையும் அளவுக்கு உதிரம் போனாலோ, கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, கண் மங்கிக் கடுமையாகத் தலை வலித்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.